ஏடு மாற்றுவோர்க்கு ஒரு சொல்

எம் கல்லூரித் தாயின் விழா ஆண்டை முன்னிட்டுப் புதிய கணினிகளை வழங்குதல் வேண்டும் எனப் பழைய மாணவர் பலர் முன்வந்துள்ளனர். அவர்தம் அன்பை யாம் பெரிதும் போற்றுகின்றோம். எனினும், கருவி வாங்குமுன் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதனை ஈண்டு எடுத்துரைத்தல் எம் கடனாகும்.

கணினி என்பது தனித்த ஒரு பொருளன்று. பொறியின்மேல் இயங்குதளம், அதன்மேல் தரவுத்தளம், அதன்மேலேதான் மாணவர் பெயரும் புள்ளியும் கணக்கும் தங்குகின்றன. இவை ஒவ்வொன்றும் பதிப்புக்குப் பதிப்பு மாறுபடும். கொடிகாமம் நிலையத்திலே வந்து நிற்கும் புகையிரதம் ஐந்தரை அடி அகலப் பாதையில் ஓடுவது. முன்னாளிற் களனிவெளிப் பாதையில் ஓடிய இரண்டரை அடிப் பெட்டியை இங்கு கொணர்ந்தால் அது ஒரு முழமும் நகராது. பெட்டியிலும் குற்றமில்லை, பாதையிலும் குற்றமில்லை. இரண்டும் பொருந்தாமையே குற்றம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஐ நிறுவுதற்கோ குறித்த பாதுகாப்புச் சில்லு வேண்டும்; பழைய பொறிகள் பலவற்றில் அஃது இல்லை. எனவே தளத்தை மாற்றப் புகுந்தார் பொறியையும் மாற்ற நேர்கின்றது. பொறி மாறினால், முன்னாளில் எழுதப்பட்ட பதினாறு பிற்று நிரல்கள் புதிய தளத்தில் இயங்கமாட்டா. தரவுத்தளத்தின் நிலையும் இத்தகையதே. எஸ்.கியூ.எல். சேர்வரின் புதிய பதிப்பில் எடுத்த காப்புப் பிரதியைப் பழைய பதிப்பு ஏற்பதில்லை. முன்னேறிச் சென்றபின் திரும்பி வர வழியில்லை என்பதே இதன் பொருள்.

அங்ஙனமாயின் மாற்றாதிருத்தலே நன்றன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று என்பதற்கு எம் நாட்டு அரசின் மின்னஞ்சலே சான்று. அது 2013ஆம் ஆண்டுப் பதிப்பான மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளில் இயங்கிவந்தது. 2021 முதல் அதனைப் புதுக்க எண்ணியும், பணமின்மையாலும் பிற முடிபுகளாலும் அப்பணி தாழ்ந்தது. 2023 ஏப்ரலில் அப்பதிப்புக்கான ஆதரவு நின்றது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம் கணினிக் கள்வர் தாக்கினர். மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையான மடல்கள் அழிந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. அக்காலத்து மடல்களுக்குத் தனித்து வைத்த காப்புப் பிரதி இல்லாமையே இழப்பைப் பெருக்கிற்று.

ஆகவே மாற்றாமையும் கேடு. ஆராயாது மாற்றுதலும் கேடு. பின்னதற்கு யாம் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். 2000ஆம் ஆண்டுப் போரில் தென்மராட்சி மக்கள் இடம்பெயர்ந்தபோது, பாடசாலை ஒன்றின் சேர்விடாப்புகள் அழிந்தன. எஞ்சிய தாள்களிலிருந்து ஆசிரியர்கள் பெயர்களைத் திரட்டிப் பாமினி எழுத்துருவிலே தட்டெழுதி வைத்தனர். பின்னர் புதிய கணினிகள் வந்தன. பழையவை பழைய இரும்பாக விற்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர் ஒருவர் விடுகைப் பத்திரம் வேண்டி எழுதியபோது கோப்பைத் திறந்தனர். பாமினியில் ‘தமிழ்’ எனத் தட்டெழுதியது, அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே தோன்றும். பெயர்கள் யாவும் அவ்வாறே சிதைந்து நின்றன. எழுத்துமாற்றியின் துணையாற் பெயர்கள் மீண்டன. புள்ளிகள் இருந்த தரவுத்தளமோ இறுதிவரை திறக்கவில்லை. அதனைத் திறக்கவல்ல பொறி விற்கப்பட்டுவிட்டது. போருக்குத் தப்பியதைப் புதுமைக்குப் பறிகொடுத்தோம்.

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஓலையிலிருந்து தாளுக்கு நூலை மாற்றிய அப்பெரியார், பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கிய பின்னரே அச்சுக்குக் கொடுத்தார். இன்று நாம் செய்வதும் ஏடு மாற்றும் பணியே. அப்பொறுமை நமக்கும் வேண்டும்.

எனவே பழைய மாணவர் சங்கத்தார்க்கு எம் வேண்டுகோள் இது. தரும் பணத்திற் பாதியைப் பொறிக்கு ஒதுக்குக. மறுபாதியை மாற்றும் பணிக்கு ஒதுக்குக. முதற்கண், எப்பதிப்பு எப்பதிப்போடு பொருந்தும் என்று ஆக்கியோர் வெளியிடும் அட்டவணையை நோக்குக. இரண்டாவதாக, காப்புப் பிரதிகளை எடுத்து, ஒன்றையேனும் கல்லூரிக்கு வெளியே வைத்திடுக. மூன்றாவதாக, வேறொரு பொறியில் முன்னோட்டம் நடத்திப் பெயர்களையும் புள்ளிகளையும் ஒப்பிடுக. நான்காவதாக, பாமினியில் உள்ள யாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றுக. 1991இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமுண்டு. இவையெல்லாம் முடியும்வரை பழைய பொறியை விற்றல் ஆகாது.

புதிய கணினிக்குப் பெயர்ப்பலகை உண்டு. மாற்றும் பணிக்கு அஃது இல்லை. ஆயினும் கடல் கடந்து வாழும் மாணவன் ஒருவன் நாளை தன் பெயரைக் கேட்டு எழுதுவான். அன்று அவன் பெயரைத் தமிழில் எடுத்துக் கொடுக்கும் கல்லூரியே தாய் என்னும் பெயருக்கு உரியது.