'சாமி' என்று அழைக்கப்பட்ட 48 நாட்கள்

கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு காலனியில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். சென்ட்ரிங் வேலைக்குப் போவார், சாவு விழுந்தால் பறை அடிக்கப் போவார். நல்ல குடி. சில வருடங்களுக்கு முன்பு ஒரு கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டார். 48 நாளும் ஒரு சொட்டு தொடவில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

'அப்ப முடிஞ்சுதுல்ல, இப்ப ஏன் முடியாது? எல்லாம் கொழுப்பு' என்று ஊரில் பேசினார்கள். சமூகவியலில் எம்.ஏ. முடித்து வந்திருந்த நானும் மனசுக்குள் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

"அந்த 48 நாளும் ஊருக்காரவுக எல்லாம் என்னைய சாமினு கூப்பிட்டாக தம்பி. சின்னப் பயலுககூட வாங்க சாமின்னான். மாலையக் கழட்டுன மறுநாளு 'டேய் இங்க வாடா'ன்னான் அதே பய."

அவர் மாலை போட்டபோது மாறியது மனஉறுதி மட்டுமல்ல. காலையில் எழுந்ததும் குளியல், கூட நாலு பேர், சாயங்காலம் பஜனை, பேர் சொல்லி அதட்டாத ஒரு ஊர். இத்தனையும் சேர்ந்து அவரைப் பிடித்து நிறுத்தின. குடியை விட்டவர் திரும்பிப் போய் நிற்க அவருக்கு ஓர் இடம் வேண்டும். நமது மறுவாழ்வுப் பேச்சில் அந்த இடத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

மூன்று வருடம் கழித்து அவர் மறுபடி நிறுத்திப் பார்த்தார். அதற்குள் காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்கிற நிலைக்கு வந்திருந்தார். இந்த நிலையில் இருப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் ஆள் தெரியாமல் பேசுவது, சுவரில் பூச்சி ஓடுகிறது என்பது, உடம்பு வியர்த்துக் கொட்டுவது எல்லாம் வரலாம். உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் இருந்தால் இதற்கு மருந்து இருக்கிறது, தயமின் ஊசி இருக்கிறது. அண்ணனுக்கு இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. அண்ணி சாமி குத்தம் என்று நினைத்துக் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அதைவிட்டால் அவருக்கு வேறு யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இருப்பதெல்லாம் 'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்ற நோட்டீஸ்தான். அப்படிக் கலக்கப்படும் மாத்திரைகளில் ஒன்று டைசல்பிராம். அதை விழுங்கியது தெரியாமல் ஒருவர் குடித்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, ஆபத்தாக முடியும்.

அதன்பிறகு கடன் வாங்கி ஒரு தனியார் மையத்தில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போனபோது உள்ளே விடவில்லை. 90 நாள் கழித்து வந்தவரின் கணுக்காலில் சங்கிலித் தழும்பு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடி, போதை சார்ந்த மனநலப் பாதிப்புகளுக்கும் பொருந்தும். சங்கிலியால் கட்டுவதை அதன் 95-வது பிரிவு முற்றாகத் தடை செய்கிறது. இதைப் படிக்கும் சட்டக் கல்லூரித் தோழர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை வாசித்துவிடுங்கள். வேலைக்கு ஆகும்.

திரும்பி வந்த 11-ஆம் நாள் ஊரில் ஒரு சாவு. பறை அடிக்கக் கூப்பிட்டார்கள். கூலி எப்போதும்போலக் கொஞ்சம் பணமும் குவார்ட்டரும்.

நாம் பேச வேண்டிய இடம் இதுதான். பறை அடிப்பவருக்கு, குழி வெட்டுபவருக்கு, பிணம் எரிப்பவருக்கு, சாக்கடையில் இறங்குபவருக்குச் சாராயம் கூலியின் பகுதியாகவே கொடுக்கப்படுகிறது. 'அது இல்லாம இந்த வேலைய செய்ய முடியுமா' என்று கொடுப்பவரே சொல்கிறார். முடியாது என்று தெரிந்த வேலையை ஏன் ஒரு சாதியின் தலையில் கட்டினாய் என்று நாம் கேட்டால் பதில் வராது. பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு 'இவனுக குடிகாரப் பயலுக' என்று அவர்களே சொல்வார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் செத்தபோது, 'குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா' என்று இணையமெங்கும் கேலி ஓடியது நினைவிருக்கும்.

இன்னொன்று. இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் 2022 டிசம்பரில், வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தி வந்ததை அடுத்து அதிகாரிகள் இறையூருக்குப் போனபோது, டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது தெரியவந்து வழக்குப் பதிவானது. டாஸ்மாக் பாரில் அந்தப் பிரச்சினை இல்லை. எல்லாருக்கும் ஒரே பிளாஸ்டிக் கப்தான். எங்கள் பையன்கள் சிலருக்கு ஊரில் சமமாக உட்காரக் கிடைத்த முதல் இடம் அதுதான் என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அடுத்த தலைமுறையிடம் கஞ்சாவும் வலிநிவாரணி மாத்திரையும் வந்துவிட்டன. மாத்திரையைக் கரைத்து ஊசி ஏற்றுகிறார்கள். ஒரே ஊசியை மூன்று பேர் போட்டால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் கூடவே வரும். பிடிபடும்போது சாதி தன் வேலையைக் காட்டுகிறது. வசதியான வீட்டுப் பையனைத் திருச்சியில் சேர்த்துவிடுகிறார்கள், காலனிப் பையனுக்கு வழக்கு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு உள்ளானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் அந்தக் குற்றத்துக்கு அவர் மீது வழக்கு நடத்த முடியாது. நான் போன ஸ்டேஷன்களில் இதை எடுத்துச் சொன்ன ஒரு வக்கீலையும் பார்த்ததில்லை.

2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது, போதை ஒழிப்பு மாநாட்டுக்கு எங்கள் பகுதிப் பெண்கள் வேன் பிடித்துப் போனார்கள். 1956-இல் நாக்பூரில் அம்பேத்கர் ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளிலும் மது அருந்த மாட்டேன் என்பது உண்டு. கடையை மூடு என்ற கோரிக்கையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2023-24-இல் மட்டும் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஆனால் நாளைக் காலையே எல்லாக் கடையையும் மூடினால் என் அண்ணனுக்கு இரண்டாம் நாள் இரவு வலிப்பு வரும். ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்கிறது. மீதி 37 பேரைப் பற்றி நமது மேடைகள் என்ன சொல்கின்றன?

ரொம்ப தூரம் தேட வேண்டாம். குடவாசல் அருகே மஞ்சக்குடியில் 1980-களின் இறுதியிலேயே சென்னை டி.டி.கே. மருத்துவமனையினர் கிராமத்திலேயே முகாம் போட்டுக் குடிநோயாளிகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளித்தார்கள். மருந்து, ஆலோசனை, மனைவிமாருக்குத் தனி வகுப்பு, முகாம் முடிந்தபின் தொடர் கண்காணிப்பு எல்லாம் உள்ளூர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டே நடந்தன. சங்கிலி இல்லாமலும் நடக்கிறது என்பதற்கு இது போதும். காலனிக்குள் இப்படி ஒரு முகாம் நடத்த ஒரு சமுதாயக்கூடமும், வாரம் ஒருமுறை வரும் மனநல மருத்துவரும், நம் படிப்பகத்துத் தோழர்கள் நாலு பேரும் வேண்டும். முதல் இரண்டுக்கும் மனு கொடுத்திருக்கிறோம்.

மூன்றாவதற்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருவரைக் கூட்டிப்போய் வரிசையில் கூட நிற்க வேண்டும். போக முடியாத அன்று 14446-க்குப் போன் போட்டுக் கொடுக்கலாம், கட்டணமில்லை. ஒருவர் மறுபடி குடித்துவிட்டால் 'போச்சு' என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை ஏறிய நோயாளியை யாரும் அப்படி விடுவதில்லை. அப்புறம், தயவுசெய்து அவரைப் பேர் சொல்லி, வாங்க போங்க என்று கூப்பிடுங்கள்.

அண்ணன் இப்போது ஐந்தாவது மாதமாக மாத்திரை எடுக்கிறார். நடுவில் இரண்டு தடவை குடித்தார், இரண்டு தடவையும் அவரே போன் போட்டுச் சொன்னார். போன வாரம் சாவுக்குக் கூப்பிட வந்தவரிடம், பாட்டில் வேண்டாம், அதையும் சேர்த்துக் காசாகக் கொடுங்கள் என்றிருக்கிறார். வந்தவர் வேறு ஆள் பார்க்கப் போய்விட்டாராம். அன்றைய கூலி போச்சு. அந்தக் கூலிக்கு என்ன வழி என்று காலனியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.