கள்ளன் எண்டு ஆரைச் சொல்லுறியள்?

பழைய ஜாவா விளையாட்டை இப்பத்தைத் தொடுதிரை போனிலை போட்டு விளையாடினால் அது களவாம். பே ஏரியாவிலை மென்பொருள் எழுதுற எங்கடை ஆக்களே இப்பிடிச் சொல்லிக்கொண்டு திரியினம். கேக்கப் பத்திக்கொண்டு வருது.

சட்டப்படி உரிமை கம்பனிக்காரற்றைதான், மறுக்கேல்லை. ஆனால் காசோடை போய் நிண்டாலும் விக்க ஆளில்லாத சாமானை எப்பிடியப்பா களவெடுக்கிறது?

கைபேசி ஜாவாவின்ரை முதல் எம்.ஐ.டி.பி. தரம் வந்தது 2000-இலை. தொடக்ககால நொக்கியா சீரிஸ் 40 போன்களிலை ஒரு விளையாட்டுக்கு 64 கிலோபைட்தான் இடம். இண்டைக்கு வட்சப்பிலை வாற 'காலை வணக்கம்' படம் அதைவிடப் பெரிசு. அந்த இடுக்குக்குள்ளை படம், இசை, கட்டங்கள் எல்லாத்தையும் அடக்கினாங்கள். 'டவர் பிளொக்ஸை' வெளியிட்ட, 2003-இலை ட்ரிப் ஹோக்கின்ஸ் தொடங்கின டிஜிட்டல் சொக்லேட் இதே பே ஏரியாக் கம்பனிதான்.

இதுகளுக்குத் தட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. தொலைபேசிக் கம்பனியின்ரை கடையிலையிருந்து நேரை போனுக்கு இறங்கும். 2007-இலை ஐபோன் ஜாவா இல்லாமலே வந்தது. 2010-இலை ஜாவாவைப் பெத்த சன் கம்பனியை ஒராக்கிள் வாங்கிச்சு. கடையள் பூட்டுப்பட, விளையாட்டுகளும் சேர்ந்து போச்சு.

மிச்சம் கிடக்கிறது சனம் சேர்த்துவைச்ச ஜார் கோப்புகள். ஜே2எம்ஈ லோடர் எண்ட திறந்தமூலச் செயலி அன்ட்ரொயிட்டிலை அதுகளை ஓட்டுது. பழைய இலக்க விசைகளையும் திரையிலை கீறித் தருது. கண்ணாடியைத் தடவுறது பொத்தானை அமத்துற மாதிரி வராது, விரல் வழுக்கும். எண்டாலும் விளையாட்டு உயிரோடை இருக்கு.

2010-க்கு முந்தி அமெரிக்காவிலை வந்த வீடியோ விளையாட்டுகளிலை 87 வீதம் விற்பனையிலை இல்லை எண்டு 2023-இலை வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேசன் ஆய்வு சொல்லிச்சு. அப்பிடியானதுகளை ஆய்வாளருக்கு இணையத்துக்கூடாகக் குடுக்க நூலகங்களை விடுங்கோ எண்டு கேட்டதுக்கு, 2024 ஒக்டோபரிலை பதிப்புரிமை அலுவலகம் ஏலாது எண்டுட்டுது. சனம் பொழுதுபோக்குக்கு விளையாடிப்போடும் எண்டு பயமாம்! ரசிச்சு வாசிச்சுப்போடுவான் எண்டு ஆரும் புத்தகத்தைப் பூட்டிவைப்பினமோ?

1981-இலை யாழ் நூலகம் எரிஞ்ச ஊர்ச்சனம் நாங்கள். விளையாட்டையும் அதையும் ஒரே தராசிலை வைக்கேல்லை. ஆனால் படியெடுக்காதது போனால் போனதுதான் எண்டு எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2005-இலை நூலகம் திட்டம் தொடங்கினதும் அந்தப் பாடத்திலைதான்.

விக்கட்டும், நாளைக்கே காசு குடுத்து வாங்குறன். விக்க மனமில்லையெண்டால் விட்டுவிடட்டும். ரெண்டும் செய்யாமல், காப்பாத்தி வைச்சவனைக் கள்ளன் எண்டு சொல்லாதேங்கோ.