திரும்பும்போது 'டக் டக்'

கடந்த ஞாயிறு பத்துமலையிலிருந்து வரும் வழியில் அம்மா கேட்டார்: "ஏம்பா, சக்கரத்துல என்னமோ தட்டுதே?"

எனக்கும் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மின்சார காரில் இஞ்சின் இரைச்சல் இல்லை, அதனால் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலியான கார் நிறுத்துமிடத்தில் சோதித்தேன். வண்டி நின்றபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், சத்தமில்லை. முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தேன். சக்கரம் சுழலும் வேகத்துக்கேற்ப 'டக் டக்'.

பட்டறையில் வண்டியைத் தூக்கியதும் விஷயம் தெரிந்தது. முன்சக்கர சிவி ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மணல் புகுந்திருந்தது. முதலிலேயே பார்த்திருந்தால் புது உறையும் கிரீஸும் போதும். இப்போது டிரைவ் ஷாஃப்டையே மாற்ற வேண்டியதாயிற்று. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் நடுச்சாலையில் மூட்டு உடைந்து, வண்டி நகராமல் நின்றிருக்கும்.

இஞ்சின் எண்ணெய் மாற்றும் வேலை இல்லையென்று பட்டறையை மறந்துவிடாதீர்கள். மோட்டாரின் இழுவிசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது இந்த மூட்டுகள்தான். சர்வீஸின்போது ரப்பர் உறைகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்னிருக்கையிலிருந்து அம்மா ஏதாவது சொன்னால், அதையும் கேளுங்கள்.