சிவப்பு இசைத்தட்டும் ஓர் அரசு ஊழியரும்

பிரெஞ்சில் படித்த எனக்கு ஆங்கிலப் பாட்டு பாதிதான் புரியும். ஆனாலும் பேரன் போட்டுக்காட்டிய இந்த இசைத்தட்டைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மான்செஸ்டர் பக்கத்து ஜாய் டிவிஷன் குழுவின் முதல் தொகுப்பு, 'அன்நோன் பிளெஷர்ஸ்', 1979-இல் வந்தது. நாற்பதாம் ஆண்டுக்கு, 2019-இல், கறுப்பு உறையை வெள்ளையாக்கி, தட்டைச் சிவப்பாக்கி மறுபடி வெளியிட்டார்கள்.

நிறத்தில் என்ன இருக்கிறது? பாடகர் இயான் கர்ட்டிஸ் நம்மைப்போல் அரசு ஊழியர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்தவர். அங்கே வந்துபோன வலிப்பு நோயுள்ள ஒரு பெண் இறந்துபோனாள். அவளை நினைத்து எழுதிய பாட்டு இதில் இருக்கிறது. அவருக்கும் அதே நோய் வந்தது. 23 வயதில் போய்விட்டார்.

கொண்டாட வேண்டியது அந்தப் பாட்டைத்தான். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எதிரே மனுவோடு நின்றவர்களில் ஒரு முகம்கூட இன்று நினைவில்லை.