லொறி ஆயுதமில்லையா?

அங்கோலா, கினி-பிசாவு, மொசாம்பிக் ஆகிய தன் மூன்று ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளிலும் எழுந்த விடுதலை இயக்கங்களை எதிர்த்து 1961 முதல் 1974 வரை போர்த்துக்கல் போர் நடத்தியது. அப்போரில் ஓடிய இராணுவ வாகனங்களைப் பற்றி எழுதுவோர் இன்றும் உளர். எந்த லொறிக்கு எத்தனை சில்லு, என்ஜினின் வலு எவ்வளவு, எந்த ஆண்டில் எந்த வர்ணம் பூசப்பட்டது என்பனவற்றை அவர்களிடம் பிசகின்றி அறியலாம். அந்த லொறியை விற்றவர் யார், அது எவருடைய கிராமத்துக்குப் போயிற்று என்று கேட்டாலோ, அது அரசியல், தாம் இயந்திரத்தைப் பற்றி மட்டுமே பேசுவதாகக் கூறுவர். இயந்திரத்தை நேசிப்பது குற்றமன்று. ஆனால், லொறி வெறும் இயந்திரம், ஆயுதமன்று என்னும் இந்த வாதம் இருக்கிறதே, அப்போரைப் பதின்மூன்று ஆண்டுகள் நீடிக்கச்செய்த வாதங்களுள் அதுவும் ஒன்று.

ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 1963 யூலை 31ஆம் திகதி 180ஆம் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. அடக்குமுறைக்கு உதவக்கூடிய ஆயுதங்களையும் இராணுவத் தளபாடங்களையும் போர்த்துக்கலுக்கு விற்கலாகாது என்று அது உலக நாடுகளைக் கேட்டது. 1965 நவம்பரில் வந்த 218ஆம் தீர்மானம் ஒருபடி மேலே சென்று, ஆயுதங்களைச் செய்வதற்கும் பேணுவதற்கும் வேண்டிய பொருள்களையும் அனுப்பலாகாது என்றது. இரு தடவையும் பிரான்சும் பிரித்தானியாவும் அமெரிக்காவும் வாக்களியாது ஒதுங்கிக்கொண்டன. ஒதுங்கியதன் பொருள் விரைவிலேயே விளங்கிற்று. பிரான்சின் பெர்லியே கம்பனியின் உரிமத்தைப் பெற்று, 1964 முதல் போர்த்துக்கலின் ட்ரமகால் என்னும் சிற்றூரிலேயே இராணுவ லொறிகள் பொருத்தப்பட்டன. அங்கிருந்து அவை ஆயிரக்கணக்கில் ஆபிரிக்காவுக்குக் கப்பலேறின. துப்பாக்கி என்றால் கேள்வி எழும். லொறி என்றால் வணிகம்.

ட்ரமகால் தொழிற்சாலையின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் டுவார்த்தே பெரெய்ரா என்னும் கொல்லர் தொடங்கிய பட்டறை அது. கலப்பைகளும் வேளாண்மைக் கருவிகளும் செய்து வளர்ந்தது. மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த யுனிமொக் வாகனத்தின் பிறப்பும் வயலிலேதான். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு உழவருக்கென வரையப்பட்ட அவ்வண்டியின் சில்லுகளுக்கு இடையிலான அகலம், இரண்டு உருளைக்கிழங்கு வரிசைகளின் அளவுக்கு அமைக்கப்பட்டது. அதன் சிறிய வகையைப் போர்த்துக்கேயச் சிப்பாய்கள் ‘கழுதைக்குட்டி’ என்று செல்லமாக அழைத்தனர். உழவுக்குப் பிறந்த பொருளைக் கொலைக்குத் திருப்பும் வித்தையில் முதலாளித்துவத்துக்கு நிகர் வேறில்லை.

இவ்வண்டிகள் ஓடிய பாதைகள் எவை? பெரும்பாலும் ஆபிரிக்க மக்களின் கட்டாய உழைப்பால் வெட்டப்பட்டவை. 1961 சனவரியில் அங்கோலாவின் கசாஞ்சேப் பிரதேசத்து விவசாயிகள் கட்டாயப் பருத்திச் செய்கையை மறுத்து எழுந்தபோது, இராணுவம் சுட்டும் வானிலிருந்து குண்டுவீசியும் அவர்களை அடக்கியது. பருத்தி வெளியேறிய பாதையிலேயே படை உள்ளே வந்தது. மொசாம்பிக்கில் இலட்சக்கணக்கான மக்கள் சொந்த நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, இராணுவம் காவல் செய்யும் புதுக்கிராமங்களில் அடைக்கப்பட்டனர். இத்தகைய போரிலே லொறி வெறும் சுமைவண்டியாக இருத்தல் இயலுமோ? அதுவே போரின் கால். கால் இல்லாத கை எதைச் சுடும்?

விடுதலைப் படைகள் இதை நன்கறிந்திருந்தன. கினியின் விடுதலை இயக்கத் தலைவர் அமில்கார் கப்ரால் தொழிலால் வேளாண்மைப் பொறியியலாளர், மண்ணை அறிந்தவர். அவருடைய படை சுமைகளைத் தலையிலும் தோணியிலும் கொண்டுசென்றது. எதிரியின் பாதையில் கண்ணிவெடி புதைத்தது. அவர்களுக்கும் சோவியத் நாட்டிலிருந்து ஆயுதங்கள் வந்தன. வந்தால் என்ன? அவற்றை அவர்கள் ஆயுதம் என்றே அழைத்தனர். வணிகம் என்று அழைக்கவில்லை.

கண்ணிவெடிக்கு அஞ்சிய போர்த்துக்கேயப் படை, வரிசையின் முன்னே மண்மூட்டை நிரப்பிய லொறியொன்றை ஓடவிட்டது. கண்ணியைத் தன்மேல் வாங்கி வெடிக்கச்செய்வதே அதன் கடமை. அதையும் ஒருவன் ஓட்டியாக வேண்டுமல்லவா? வண்டிகளுக்கு முன்னே தடியால் மண்ணைக் குத்திக்கொண்டு நடந்தவர்களும் மனிதர்களே: கட்டாய சேவைக்குப் பிடிக்கப்பட்ட ஏழை உழவரின் பிள்ளைகளும், படையில் சேர்க்கப்பட்ட ஆபிரிக்கருமே. அப்பணியினின்று தப்பிய போர்த்துக்கேய இளைஞர் பல்லாயிரவர் இரவோடிரவாக எல்லை கடந்து பிரான்சுக்குக் கூலிவேலை தேடி ஓடினர். பிரான்சின் வாகனம் ஆபிரிக்காவுக்கு. ஆபிரிக்காவுக்கு அனுப்பப்பட இருந்தவன் பிரான்சுக்கு! இரு வழியிலும் இலாபம் எவருக்கென்று வாசகர் கணக்கிடுவாராக.

வீதிகள் அமைத்தோமே, லொறியில் மருந்தும் ஏற்றினோமே என்பது அவர்களின் மற்றொரு வாதம். 1968இல் கினியின் ஆளுநராக வந்த ஸ்பினோலா ‘மேலான கினி’ என்று முழங்கி வீதிகளுக்குத் தாரிட்டார். தாரிட்ட வீதியிற் கண்ணிவெடியைப் புதைத்து மறைப்பது கடினம் என்பது அவருடைய பொறியியலாளர் அறியாததன்று. அந்த அபிவிருத்தியின் நடுவே, 1969 பெப்ரவரியில் மதினா த போயே முகாமை அவரது படை கைவிட்டுப் பின்வாங்கிற்று. அப்போது கொருபால் ஆற்றில் மிதவை சரிந்து நாற்பதுக்கு மேற்பட்ட படைவீரர் மூழ்கி இறந்தனர். அதே போயேப் பகுதியில் 1973 செப்டெம்பர் 24ஆம் திகதி கினியின் சுதந்திரம் பிரகடனம் செய்யப்பட்டது. அவ்வாண்டு சனவரியிலேயே கொலையுண்ட கப்ரால் அதைக் காணவில்லை.

வாகன ஆர்வலர் விரும்பி வருணிக்கும் கவசவண்டி ஒன்றுண்டு. ஷைமித்தே என்பது அதன் பெயர். குதிரைவலுவைக் கூறுவோர் பெயரின் வரலாற்றைக் கூறுவதில்லை. 1895இல் காசா நாட்டு மன்னன் குங்குன்யானாவைப் போர்த்துக்கேயர் சிறைபிடித்த மொசாம்பிக் ஊரே ஷைமித்தே. அம்மன்னனை அசோரெஸ் தீவுக்குக் கொண்டுபோயினர். 1906இல் அங்கேயே அவன் இறந்தான். (யாழ்ப்பாணத்துச் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோனதும் இதே அரசுதான்.) 1974 ஏப்ரல் 25ஆம் திகதி, ஆபிரிக்கப் போரில் சலித்த இளம் அதிகாரிகள் லிஸ்பனில் ஆட்சியைக் கவிழ்த்தனர். சந்தரேமிலிருந்து தலைநகருக்குள் நுழைந்த கப்டன் சல்கெய்ரோ மாயாவின் அணியிலே கவசவண்டிகளோடு லொறிகளும் வந்தன. சரணடைந்த பிரதமர் கயெத்தானோவைக் கார்மோ படைமுகாமிலிருந்து ஒரு ஷைமித்தே வண்டியிலேயே ஏற்றிச் சென்றனர். அவ்வண்டிக்கு இடப்பட்டிருந்த பெயர் ‘பூலா’. அது கினியிலுள்ள ஓர் ஊரின் பெயர்.