பசங்களைக் கேட்டீங்களா?

போன ஞாயிறு மைசூர் சரஸ்வதிபுரத்தில் நம்ம தமிழ் நண்பர் ஒருவர் வீட்டில் மதியச் சாப்பாடு. பேச்சு பிள்ளைகள் படிப்புப் பக்கம் போனது. "ஐஐடி புரொபசர் பாடம் ஓசியில் கிடைக்குது. இந்தப் பசங்க அதையும் காப்பி அடிச்சுட்டுத் திரியுதுங்க" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் தலையாட்டினார்கள். சாப்பிட்ட வீட்டில் சண்டை வேண்டாமே என்று வாயை மூடிக்கொண்டேன். இங்கே கொட்டுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஸ்வயம் என்பது மத்திய அரசு 2017 ஜூலையில் தொடங்கிய இணையப் பாடத் தளம். ஐஐடிகளின் என்பிடெல் பாடங்களும் அதில் உண்டு. ஒரு செமஸ்டர் பாடங்களில் 20 சதவீதம் வரை இப்படிப் படித்து கிரெடிட் வாங்கலாம் என்றது யுஜிசியின் 2016 விதி. 2021-ல் அதை 40 சதவீதம் ஆக்கினார்கள்.

என் மகள் இங்கே பி.காம். இரண்டாம் வருஷம். (காலேஜ் பெயர் வேண்டாமே!) அவளையும் தோழிகளையும் உட்கார வைத்துக் கேட்டேன்.

ஒருத்திக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. புரியாத இடத்தை மூணு தடவை ஓட்டிப் பார்க்கலாமாம். வகுப்பில் மூணு தடவை கேட்டால் முறைப்பார்களாம். சாமராஜநகரிலிருந்து தினமும் ரயிலில் வரும் பெண்ணுக்கு வீட்டில் சிக்னல் கிடையாது. காலேஜ் கம்ப்யூட்டர் லேபை 4 மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். இன்னொருத்தி, "அங்கிள், சந்தேகம் வந்தா பக்கத்துல யாரைக் கேக்கறது?" என்றாள்.

கடைசியில் என் மகள்: "இதை நாங்க தேர்ந்தெடுக்கலப்பா. மிஸ் வேலையை விட்டுப் போனாங்க. அந்த இடத்துக்கு ஒரு லிங்க் வந்துச்சு. வாரா வாரம் விடை டெலிகிராம்ல வந்துரும்."

காப்பி அடிப்பது தப்புதான். என்பிடெல்லில் அசைன்மெண்டுக்கு 25 மார்க், மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. அங்கே டெலிகிராம் வராது. அதை மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஆனால் காலேஜ் செய்ததற்குப் பெயர் என்ன? ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு ஸ்வயத்தைப் பயன்படுத்தலாம் என்று அந்த 2016 விதி சொன்னது, வாஸ்தவம். மாணவர்களுக்குக் கூடவே இருந்து வழிகாட்ட ஒருவரை நியமிக்க வேண்டும், கம்ப்யூட்டர், லைப்ரரி வசதிகளை இலவசமாக, போதுமான அளவு தர வேண்டும் என்றும் அதே விதிதான் சொன்னது. முதல் வரியைப் படித்தவர்கள் அடுத்த வரிக்குள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள் போல. நிபந்தனை எதுவும் நிறைவேறாமல் நான் ஒரு கடனை ரிலீஸ் பண்ணினால் ஆடிட்டர் சும்மா விடுவாரா?

இத்தனைக்கும் மைசூர் இதற்குப் புதுசு இல்லை. மானசகங்கோத்ரி வளாகத்தில் இருக்கும் ஈஎம்எம்ஆர்சி, ஸ்வயத்துக்கே பாடம் தயாரித்துக் கொடுக்கிற இடம்.

தளத்தின் மேல் எனக்குக் கோபமே இல்லை. வாத்தியாருக்குத் துணையாக வந்தால் அது வரம். வாத்தியார் சம்பளத்தை மிச்சம் பிடிக்க வந்தால், நாம் கட்டுகிற ஃபீஸ் எதற்கு?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மூன்றே கேள்வி கேளுங்கள். வழிகாட்டி யார்? லேப் எத்தனை மணி வரை? பசங்களிடம் கேட்டுத்தான் பாடத்தை வைத்தீர்களா? ஊரை விட்டு வந்த நாம் "நமக்கெதுக்கு வம்பு" என்று எல்லாவற்றுக்கும் ஒதுங்கிப் போகிறோம். பிள்ளை படிப்பிலுமா?

டிஸ்கி: எங்கள் பேங்கிலும் கட்டாய ஆன்லைன் பயிற்சி உண்டு. கடைசித் தேதிக்கு முதல் நாள் விடைகள் வாட்ஸ்அப்பில் வரும். பெரியவருக்கு ஏன் தலையாட்டவில்லை என்று இப்போது புரிந்திருக்குமே. ஹி.. ஹி..