மாற்றியது மட்டும் போதும்

நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத்தைத் திருத்தும்போது முழுச் சட்டத்தையும் யாரும் மறுபடி எழுதித் தருவதில்லை. இன்ன பிரிவில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள் என்று மட்டும் திருத்த மசோதா சொல்லும். கூடவே நோக்கங்களும் காரணங்களும் பற்றி ஓர் அறிக்கை; அதன் கீழே அமைச்சரின் பெயர். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதும் சாஃப்ட்வேர்களும் ஏறக்குறைய இப்படித்தான் வளர்கின்றன. அங்கே திருத்த மசோதாவுக்கு பேட்ச் என்று பெயர். அதைத் தயாரித்துத் தரும் குமாஸ்தா, தொடக்கத்தில் ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக இருந்தது.

ஷெல் ஸ்கிரிப்ட் பெரிய வித்தை அல்ல. யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தட்டவேண்டிய கட்டளைகளை வரிசையாக ஒரு ஃபைலில் எழுதி வைத்தால், பிறகு அந்த ஃபைலின் பெயரைத் தட்டினாலே எல்லாம் நடந்துவிடும். பழைய பிரதியையும் புதியதையும் வரிவரியாக ஒப்பிடும் 'டிஃப்', 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அது கண்டுபிடித்த வேறுபாட்டை இன்னொருவரின் பிரதியில் பொருத்தித் தரும் 'பேட்ச்' புரோகிராமை 1985இல் லாரி வால் எழுதினார். வரி எண் சற்று முன்பின்னாக இருந்தாலும், சுற்றியுள்ள வரிகளைப் பார்த்து அது இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இந்த இரண்டையும் நம்பியே வளர்ந்தது. திருத்தங்கள் இ-மெயிலில் வந்து குவிந்தன. ஒரே மனிதர் எத்தனையைப் படிக்க முடியும்? பல திருத்தங்கள் பதிலே இல்லாமல் காணாமல் போயின. அனுப்பியவர்கள் மீண்டும் மீண்டும் அனுப்பினார்கள். 1998இல் இது பெரும் சச்சரவாகவே வெடித்தது. பிறகு கைகொடுத்த பிட்கீப்பர் என்ற தனியார் சாஃப்ட்வேரின் இலவச அனுமதி 2005இல் நின்றுபோக, அந்த ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் 'கிட்' என்பதைத் தாமே எழுதத் தொடங்கினார். அதன் ஆரம்பகாலக் கருவிகளில் பல ஷெல் ஸ்கிரிப்ட்கள். அவற்றில் ஒன்றுதான் ஜூனியோ ஹமானோ எழுதிய 'ஃபார்மட்-பேட்ச்'.

வேலை எளியது. செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, 0001, 0002 என்று எண் போட்டுத் தனித்தனிக் கடிதமாக்கும். மேலே எழுதியவர் பெயர், தேதி, மூன்றில் ஒன்று என்பது போன்ற வரிசைக் குறிப்பு. அடுத்து மாற்றத்துக்கான காரணம். பிறகு மூன்று சிறு கோடுகள். அதன் கீழே கழித்தல் குறியோடு நீக்கிய வரிகள், கூட்டல் குறியோடு சேர்த்த வரிகள். கோடுகளுக்குக் கீழே ஏதாவது சொந்தக் குறிப்பு எழுதினால் பெறுபவர் படிப்பார். ஆனால் நிரந்தரப் பதிவில் அது ஏறாது.

லினக்ஸின் விதிகள் புதியவர்களுக்குக் கெடுபிடியாகத் தோன்றலாம். ஒரு கடிதத்தில் ஒரு மாற்றம்தான். இணைப்பாக அனுப்பக் கூடாது. கடிதத்துக்குள்ளேயே சாதாரண எழுத்தாக இருக்கவேண்டும். படிப்பவர் எந்த வரியின் கீழும் தன் ஆட்சேபத்தை எழுத வேண்டுமே! 2017இல் நிதி மசோதாவோடு தீர்ப்பாயங்களை இணைக்கும் பிரிவுகளும் சேர்ந்து வந்தபோது எதிர்க்கட்சிகள் ஏன் கொதித்தன என்று நினைத்துப் பார்த்தால் இந்தக் கெடுபிடியின் நியாயம் புரியும்.

கையெழுத்து பின்னால் சேர்ந்தது. 2003இல் எஸ்.சி.ஓ. நிறுவனம், தனக்குச் சொந்தமான யூனிக்ஸ் சரக்கு லினக்ஸுக்குள் போய்விட்டது என்று ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது. எந்த வரியை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. 2004இலிருந்து, இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று உறுதி கூறும் கையொப்ப வரி ஒவ்வொரு திருத்தத்திலும் கட்டாயமாயிற்று.

ஆனால் எல்லோரும் படித்துப் பார்த்ததும், கடைசியில் வீடு வந்து சேர்வதும் ஒன்றுதானா? எக்ஸ்.இஸட். என்பது ஃபைல்களைச் சுருக்கித் தரும் சிறிய சாஃப்ட்வேர். பெரும்பாலான லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இருப்பது. 2021இலிருந்து ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் அதற்கு ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கை பெற்று, வெளியீட்டுப் பொறுப்புக்கும் வந்தார். 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் கள்ளச் சாவி ஒன்று ஒளிந்திருந்தது. அதன் பெரும்பகுதி, சோதனை ஃபைல்கள் என்ற பெயரில் எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தது. அதை உசுப்பிவிடும் வரிகள் மட்டும் அங்கே இல்லை; வெளியீட்டுக்காகக் கட்டிய மூட்டைக்குள் இருந்தன. கூட்டல் கழித்தல் குறியோடு கடிதமாக வந்திருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். மூட்டையை அவிழ்த்து வரிவரியாகப் படிக்க யாருக்குப் பொறுமை?

பிடிபட்டதும் அப்படிப் படித்தல்ல. மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, காரணத்தைத் துருவிக்கொண்டே போனார். 2024 மார்ச் 29இல் விஷயம் அம்பலமாயிற்று. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது வெளியாகவில்லை. அந்த சாஃப்ட்வேரை முதலிலிருந்து பராமரித்து வந்தவரே திரும்ப உட்கார்ந்து சுத்தம் செய்து, மே 29இல் 5.6.2 பதிப்பை வெளியிட்டார்.